குருதியை எண்ணுபவர்களிடம் சில கேள்விகள்

ஜப்பானிய சினிமா என்றவுடன் நம் சிற்றிதழ் வட்டாரங்களில் ஒரு பட்டியல் ஒப்பிக்கப்படும். பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில் நிற்கும் ஓசுவின் காமிரா, மிசோகுச்சியின் நீண்ட காட்சித்துண்டுகள், குரோசவாவின் மழை. அதற்கு அப்பால் இருப்பவை, அதாவது வாளும் துப்பாக்கியும் சிதறும் உடல்களும் நிறைந்த படங்களும் அனிமேக்களும், 'வக்கிரம்' என்ற ஒற்றைச் சொல்லோடு தள்ளுபடி செய்யப்படும். சற்றுக் கல்வி கற்ற தள்ளுபடியாக இருந்தால், சமுராய் மரபு, ஹராகிரி, மரணத்தை வழிபடும் பண்பாடு என்று மானுடவியல் சாயம் பூசப்படும். இதற்கு நேர் எதிரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இதே படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பவர்கள். எத்தனை தலைகள் விழுந்தன, எந்தக் காட்சியில் இரத்தம் எவ்வளவு உயரம் பீய்ச்சியது என்று கணக்கு வைத்திருப்பவர்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று வெறுக்கின்றன. ஆனால் இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான்: குருதியை எண்ணுகின்றன. ஒருவர் முகம் சுளித்து எண்ணுகிறார், மற்றவர் கைதட்டி எண்ணுகிறார். அந்தக் குருதி யாருடையது, யார் ஆணையிட்டுச் சிந்தப்பட்டது, பின்னர் அதைத் துடைத்தவர் யார் என்று இருவருமே கேட்பதில்லை. இக்கட்டுரை இருவரோடும் வழக்காடுவது.

முதலில் அந்த மானுடவியலை அப்புறப்படுத்தி விடுவோம். உலகில் கொலைக்குற்ற விகிதம் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று ஜப்பான். பண்பாட்டின் இரத்தத்திலேயே இருப்பதாகச் சொல்லப்படும் வன்முறை அந்நாட்டின் தெருக்களில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதற்கு இந்த மேதைகளிடம் பதில் கிடையாது. திரையில் தோன்றும் வன்முறைக்குப் பண்பாட்டுச் சாரம் காரணமில்லை. அதற்குப் பின்னால் தேதியிடப்பட்ட வரலாறு இருக்கிறது. அதைக் காண, கொண்டாடப்படும் பட்டியலின் உள்ளிருந்தே தொடங்கலாம்.

குரோசவாவின் 'சஞ்ஜூரோ' 1962இல் வெளிவந்தது. பெரும்பகுதி நகைச்சுவை தோய்ந்த படம். அதன் இறுதியில் இரு வாள்வீரர்கள் எதிரெதிரே அசையாமல் நிற்கிறார்கள். நீண்ட மௌனம். ஒரே ஒரு வீச்சு. தோற்றவனின் மார்பிலிருந்து இரத்தம் ஊற்றாய்ப் பீறிடுகிறது. பிற்காலச் சமுராய் படங்களின் குருதி ஊற்றுகளுக்கெல்லாம் இக்காட்சியே முன்னோடி என்பார்கள். ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த வீச்சுக்குப் பின் நடப்பதை யாரும் பேசுவதில்லை. வேடிக்கை பார்த்து நிற்கும் இளம் சமுராய்களில் ஒருவன் வியந்து பாராட்டுகிறான். வென்றவன் சீறித் திரும்பி அவனை முட்டாள் என்று ஏசுகிறான். செத்துக் கிடப்பவன் தன்னைப் போன்றவன், இருவருமே உறையில் அடங்காத வாள்கள் என்கிறான். பின்தொடரக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போகிறான். திரையரங்கில் விசிலடிப்பவனுக்கான வசவைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார் குரோசவா. அந்த வசவை நீக்கிவிட்டு ஊற்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் வரலாறு நீளமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே 1962இல் மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி' வந்தது. கோபயாஷி போர்க்காலத்தில் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். அவருடைய படம் நடப்பது 1630இல், எடோ நகரின் ஈயி மாளிகையில். வறுமையில் வாடும் இளம் சமுராய் ஒருவன், நோயுற்ற மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் தன் எஃகு வாள்களை விற்றுவிட்டு, மூங்கில் வாள்களை உறையில் செருகிக்கொண்டு வருகிறான். அம்மாளிகை முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள அனுமதி கேட்கிறான். காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது அவன் எதிர்பார்ப்பு. மாளிகையாரோ சொன்னதைச் செய் என்கிறார்கள், அந்த மூங்கிலைக் கொண்டே. மழுங்கிய மூங்கில் வயிற்றில் இறங்க மறுக்கும் அந்த நிமிடங்களை எந்த மென்மைப்படுத்தலும் இல்லாமல் கோபயாஷி காட்டுகிறார். பார்க்க முடியாத காட்சிதான். பார்க்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். மாளிகையார் அதனை 'மரபு' என்றும் 'கௌரவம்' என்றும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சொற்களின் உண்மைப் பொருளை மூங்கில்தான் சொல்கிறது.

படத்தின் உயிர் அதற்குப் பின்னும் இருக்கிறது. இறந்தவனின் மாமனார் அதே முற்றத்துக்கு வந்து கணக்குத் தீர்க்கிறார். வாளின் மேன்மை பேசிய மாளிகை, அவரை வீழ்த்தத் துப்பாக்கிகளை வரவழைக்கிறது. முற்றம் கழுவப்படுகிறது. அவர் உடைத்தெறிந்த மூதாதையர் கவசம் மீண்டும் தன் பீடத்தில் ஏறுகிறது. மாளிகையின் குறிப்பேட்டில் அன்றைய நிகழ்வு எழுதப்படும்போது, அவரால் வெட்டுண்டு இறந்தவர்கள் நோயால் மாண்டவர்கள் ஆகிறார்கள். இப்போது சொல்லுங்கள்: இப்படத்தில் வன்முறை எது? மூங்கில் வாளா, குறிப்பேடா? இரத்தத்தைத் திரையிலிருந்து துடைத்துவிட வேண்டும் என்று கோருகின்ற ஒழுக்கவாதி, தன்னையறியாமல் அந்த எழுத்தனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

'ஹராகிரி'க்கு கான் விழாவில் பரிசு கிடைத்தது. ஆகவே அதைக் கலைப்படம் என்று ஒப்புக்கொள்ள நம்மவர்களுக்குச் சிரமமில்லை. சிரமம் கின்ஜி ஃபுகசாகுவிடம் தொடங்குகிறது. தோயே நிறுவனத்தின் வணிகப் படங்களை எடுத்தவர் அவர். யகுசா படங்கள், துரத்தல்கள், துப்பாக்கிச் சண்டைகள். 1930இல் மீடோ நகரில் பிறந்த அவர், பதினைந்து வயதில் வகுப்பு மாணவர்களோடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு நிறுத்தப்பட்டார். 1945 ஜூலையில் அங்கே குண்டுத் தாக்குதல் நடந்தபோது, சிறுவர்கள் ஒருவர் உடலுக்கடியில் ஒருவர் புகுந்து உயிர் தப்ப முயன்றதையும், பிழைத்தவர்கள் தம் வகுப்புத் தோழர்களின் சிதைந்த உடல்களை அள்ள வேண்டியிருந்ததையும் அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். பெரியவர்கள் சொல்லித்தந்த எல்லாமே பொய் என்ற முடிவுக்கு வந்தது அப்போதுதான் என்றும் சொன்னார். ஒரு கலைஞனின் வன்முறையை 'வக்கிரம்' என்று எழுதுமுன், பதினைந்து வயதில் அவன் கைகள் எதைச் சுமந்தன என்று விசாரிப்பது குறைந்தபட்ச விமரிசன நாணயம்.

1972இல் அவர் எடுத்த 'எழுஞாயிற்றுக் கொடியின் கீழ்' படத்தில் ஒரு போர் விதவை, தன் கணவன் நியூ கினியாவில் எப்படி இறந்தான் என்று தேடி அலைகிறாள். ராணுவ நீதிமன்றம் அவனைச் சுட்டுக்கொன்றதாகக் கோப்பு சொல்கிறது. ஆகவே அவளுக்கு உதவித்தொகை இல்லை, ஆகஸ்டு 15 அஞ்சலியில் அவள் கணவனுக்கு இடமில்லை. உடன் இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பசி, பைத்தியம், நரமாமிசம், அதிகாரிகளின் கொடூரம் என்று அடுக்கடுக்காகத் திறக்கின்றது போர். ஃபுகசாகு எதையும் மறைப்பதில்லை. உறைந்த சட்டகங்கள் ராணுவக் கோப்பில் செருகப்படாத புகைப்படங்களைப் போல வந்து நிற்கின்றன. இதுவும் குறிப்பேட்டுக்கு எதிரான வழக்குதான். நோயால் இறந்தவர் என்று எழுதிய கை முந்நூறு ஆண்டுகளில் அமைச்சக எழுத்தராக வளர்ந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1973இல், அவருடைய 'அறமும் மனிதமும் அற்ற போர்கள்' தொடங்கியது. முதல் படச்சட்டகமே ஹிரோஷிமாவின் காளான் மேகம். அங்கிருந்து நேராகக் குரே நகரின் கள்ளச்சந்தைக்கு வருகிறோம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் யகுசாக்களாகும் கதை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதே தோயே நிறுவனம் கென் டகாகுரா போன்ற நாயகர்களை வைத்து யகுசா வீரப் படங்களை வரிசையாக எடுத்தது. அவற்றில் கொலை அழகாக நடக்கும்; நாயகன் விசுவாசத்துக்காகக் கொல்வான், கடமைக்காகச் சாவான். ஃபுகசாகுவின் படத்தில் காமிரா கையில் ஆடுகிறது, கொலைகாரர்கள் பயத்தில் நடுங்குகிறார்கள், குறி தவறுகிறது, குண்டு பட்டவன் நாய்போல் கத்திச் சாகிறான். தலைவர்கள் முதுகுக்குப் பின்னால் பேரம் பேசுகிறார்கள், இளைஞர்கள் அநாமதேயமாகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவின்போதும் திரையில் பெயரும் தேதியும். இறுதியில் நாயகன் ஹிரோனோ, கொன்றவர்களே கூடி நடத்தும் இழவு வீட்டுக்கு வந்து, மலர்கள் அடுக்கிய அந்தப் பீடத்தைச் சுடுகிறான். போலி அஞ்சலியைச் சுடுவதைக் காட்டிலும் பொருத்தமான முடிவு அந்தப் படத்துக்கு வேறில்லை. எந்தப் படம் வன்முறையைப் போற்றுகிறது? விசுவாசத்தின் பேரால் நேர்த்தியாக வெட்டும் பழைய படமா, அந்த நேர்த்தி பொய் என்று காட்டும் இந்தப் படமா? இரத்தத்தின் அளவை மட்டும் பார்க்கும் விமரிசனம் இரண்டாவதைத் தண்டித்து முதலாவதை விடுதலை செய்யும்.

இதே தலைகீழ்த் தீர்ப்பு 2000இல் அரசியல் அரங்கில் நடந்தது. கௌஷுன் டகாமியின் நாவலைத் தழுவி, எழுபது வயது ஃபுகசாகு எடுத்த 'பேட்டில் ராயல்' அந்த டிசம்பரில் வெளிவந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 42 பேர் ஒரு தீவில் இறக்கப்படுகிறார்கள். கழுத்தில் வெடிக்கும் பட்டை; மூன்று நாள் கெடு; ஒருவரே மிஞ்சலாம். படம் வெளிவருமுன்பே நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பதினைந்து வயது நிரம்பாதோர் பார்க்க முடியாதபடி தணிக்கைச் சான்றிதழ் அமைந்தது. படத்தின் பாத்திரங்களில் பலருக்கு வயதே அவ்வளவுதான்.

அந்த வாரங்களில் அதே நாடாளுமன்றம் வேறென்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1997இல் கோபே நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் செய்த கொலைகளுக்குப் பின் நாடெங்கும் சிறார் குற்றம் பற்றிய பீதி பரவியிருந்தது. 2000 நவம்பரில் சிறார் சட்டம் திருத்தப்பட்டு, குற்றத் தண்டனைக்குரிய வயது 16இலிருந்து 14ஆகக் குறைக்கப்பட்டது. தண்டனை பெறும் வயது வந்துவிட்டது, படம் பார்க்கும் வயது வரவில்லை! ஃபுகசாகுவின் படம் எதிலிருந்து தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? வேலையின்மை பெருகுகிறது, மாணவர்கள் பள்ளியைப் புறக்கணிக்கிறார்கள், பிள்ளைகளைக் கண்டு அஞ்சிய பெரியவர்கள் ஒரு சட்டம் இயற்றுகிறார்கள். பிள்ளைகள் கொலைகாரர்களாவது அந்தச் சட்டத்தால்தான். கலங்கரை விளக்கத்தில் ஒன்றாகச் சமைத்துக்கொண்டிருக்கும் தோழியர், நஞ்சு கலந்த ஒரு கோப்பை சூப்பினால் சில நிமிடங்களில் ஒருவரையொருவர் சுட்டு மடிகிறார்கள். அவர்களுக்குள் இருந்த கொடூரம் வெளிப்பட்டது என்று அந்தக் காட்சியைப் படிப்பவர், அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார். இறந்தவரின் பெயரும் எஞ்சியவர் எண்ணிக்கையும் திரையில் வரும்போது, ஆயுதத் தொழிற்சாலையில் பிணம் அள்ளிய வகுப்பறை திரும்ப வருகிறது.

இரத்தத்தை மறைப்பது நாகரிகம் என்போருக்கு ஒரு ஒப்பீடு. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல அரசு கட்டளையிடும் இதே கருவோடு ஹாலிவுட்டில் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2012இல் வெளிவந்தது. கொலைக் காட்சிகளில் காமிரா குலுங்கி விலகும். காயங்கள் கண நேரம் மின்னி மறையும். அதனாலேயே அமெரிக்காவில் சிறுவர்களும் பார்க்கத்தக்கது என்ற சான்றிதழ் கிடைத்தது. குழந்தைகள் சாவது அனுமதிக்கப்பட்டது, அச்சாவுக்கு எடை இருப்பதுதான் தடுக்கப்பட்டது. 'துல்லியத் தாக்குதல்' என்ற சொல்லைத் தினமும் செய்திகளில் கேட்கும் காலத்தில், தடயமில்லாத கொலையைப் பழக்கப்படுத்தும் படமா ஆபத்தானது, தடயத்தை முகத்தில் அறைந்து காட்டும் படமா?

அனிமேக்கு வருவோம். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணத்தில் இருப்பவர்கள் கட்சுஹிரோ ஒடோமோவின் 'அகிரா'வை (1988) பார்த்து அதிர்ச்சியடைவது இயல்பு. அந்த அதிர்ச்சியோடு நின்றுவிடுவதுதான் தவறு. படம் தொடங்கும்போது ஒலியேயின்றி டோக்கியோவை ஒரு வெண்ணிறக் கோளம் விழுங்குகிறது. 2019இன் புதிய டோக்கியோவில் ராணுவம் குழந்தைகளை ரகசிய ஆய்வுக்கூடத்தில் ஆயுதங்களாக வளர்க்கிறது. உடல் சுருங்கி, முதியவர் முகத்தோடு, அவர்கள் இன்னும் குழந்தைகள். டெட்சுவோவின் உடல் ஊதிப் பெருத்துக் கட்டற்றுப் பரவும் இறுதிக் காட்சி அருவருப்பூட்டுவது உண்மை. ஒரு பதின்வயதினன் உடலுக்குள் ஓர் அரசின் ஆயுதக் கனவைத் திணித்தால் அது வேறெப்படி இருக்கும்? 1995இல் தொடங்கிய 'எவாஞ்ஜெலியன்' தொடரிலும் பதினான்கு வயதுச் சிறுவனைப் போர் இயந்திரத்துக்குள் ஏற்றுபவர் அவன் தந்தைதான்.

இந்தக் கரு மீண்டும் மீண்டும் வருவதற்கு விபரீதக் கற்பனை காரணமில்லை. 1945இல் ஒகினாவாவில் 'ஹிமெயூரி' மாணவியர் படையில் 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் ராணுவ மருத்துவப் பணிக்குக் குகைகளில் நிறுத்தப்பட்டார்கள். ஜூன் 18 அன்று, போர் முனையின் நடுவிலேயே, படை கலைக்கப்பட்டது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. 240 பேரில் 136 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்தக் கலைப்பு ஆணைக்குப் பின்னர். 'பேட்டில் ராயல்' தீவு கற்பனை. ஒகினாவா தீவு கற்பனையல்ல.

இனி கைதட்டுபவர்கள். இவர்கள் இப்படங்களின் நண்பர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1972இல் தொடங்கிய 'தனி ஓநாயும் குட்டியும்' வரிசையின் முதல் இரு படங்களை வெட்டி ஒட்டி, 1980இல் அமெரிக்காவில் 'ஷோகன் அஸாஸின்' என்று வெளியிட்டார்கள். முதல் படத்திலிருந்து சில நிமிடங்கள், இரண்டாவதன் பெரும்பகுதி. அரசவைச் சூழ்ச்சியும் கொலைத்தொழில் ஒருவனை அரிக்கும் விதமும் தேய்ந்துபோக, சண்டைகள் எஞ்சின. டரன்டினோவின் 'கில் பில்' (2003) இந்த ரசனையின் உச்சம். அவருடைய ஜப்பானியப் பட ஈடுபாட்டின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அவர் எடுத்துக்கொண்டது எதை என்பதே கேள்வி. 'பேட்டில் ராயல்' படத்தில் சியாகி குரியாமா ஏற்ற டகாகோ, தன்னை மிரட்டும் ஒருவனை எதிர்த்து நின்று, பின் வேறொருத்தியின் குண்டுக்கு இரையாகி நண்பன் மடியில் சாகும் சிறுமி. அதே நடிகை 'கில் பில்'லில் பள்ளிச் சீருடையோடு சங்கிலிக் குண்டு சுழற்றும் கொலைகாரி. சீருடை வந்துவிட்டது, சிறுமி வரவில்லை. 'அறமும் மனிதமும் அற்ற போர்கள்' என்ற தலைப்புக்கும் அதே கதி நேர்ந்தது. அவ்வரிசையின் வழிவந்த 2000ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கு டோமோயாசு ஹோட்டெய் அமைத்த கிதார் இசை, அப்பெயரோடு 'கில் பில்' வழியாக உலகமெங்கும் ஒலித்தது. ஹிரோஷிமாவின் மேகத்தில் தொடங்கிய பெயர் இன்று பலருக்கு ஒரு துள்ளலிசையின் பெயர் மட்டுமே. 'சஞ்ஜூரோ'வின் வசவு இவர்களுக்குத்தான்.

அப்படியானால் ஜப்பானிலிருந்து வரும் எல்லாக் குருதியும் சாட்சியமா? இல்லை. 'உரொட்சுகிதோஜி' போன்ற அனிமேக்களில் பெண்ணுடல் மீது நிகழ்த்தப்படும் வதைக்கு எந்த வரலாற்று வாதமும் பொருந்தாது. அங்கே வதை விற்பனைச் சரக்கு. எழுபதுகளின் பெண் சிறைப் படங்கள் பலவும் அப்படியே. அவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு, அது இன்னும் கனமானது. நான் போற்றும் இப்படங்களிலேயே பெரும்பாலும் ஜப்பானியப் பிள்ளைகளே பலிகள். ஜப்பானிய ராணுவத்தால் சீனாவிலும் கொரியாவிலும் மாண்டவர்கள் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். கோபயாஷி விதிவிலக்கு. மஞ்சூரியச் சுரங்கத்தில் சீனக் கைதிகள் வதைபட்டதை 1959இல் 'மானுட நிலை' முதல் பாகத்திலேயே காட்டினார். மற்றவர்களிடம் இந்த இடைவெளி இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: இது குருதி அதிகம் என்ற குற்றச்சாட்டு அல்ல. காட்ட வேண்டிய குருதி இன்னும் காட்டப்படவில்லை என்பது.

ஆகவே என் கோரிக்கை எளியது. அடுத்த முறை இத்தகைய படமொன்றைக் குப்பையென்று எழுதுமுன்னும், 'மிரட்டல்' என்று கொண்டாடுமுன்னும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கொலைக்கு ஆணையிட்டவர் படத்தில் இருக்கிறாரா? இறந்தவருக்குப் பெயர் இருக்கிறதா? கொன்றவன் அதற்குப் பின் பழைய மனிதனாகவே வீடு திரும்புகிறானா? இவற்றுக்கு நேர்மையான பதில் உள்ள படம் எவ்வளவு இருண்டதாயினும் அதன் முன் உட்காருங்கள். இல்லாத படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதில் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தாவிட்டாலும், சந்தேகப்படுங்கள். ஈயி மாளிகையின் முற்றமும் மிகச் சுத்தமாகத்தான் இருந்தது.